இது யாரோடது?

நான் எழுதிய 22 வரிகள் ஒரு பெண்ணின் ஆறு வார வேலையை அழித்தன. இதை இப்படிச் சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதுவரை நான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் வேறு: "பாலிசிப்படி அந்த மெஷின் நீக்கப்பட்டது." இரண்டுமே உண்மைதான். இரண்டாவதுதான் சரியான தகவல் என்று என் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கும் அப்படி எழுதித்தான் பழக்கம்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கிளவுட் என்பதை 'மேகக் கணிமை' என்று எழுதும்போது ஏதோ கார்காலக் கவிதை வாசனை வந்துவிடுகிறது. நடைமுறையில் அது மீட்டர் போட்ட ஆட்டோ. முன்பெல்லாம் ஒரு கம்பெனிக்கு சர்வர் வேண்டுமென்றால் மேலே எழுதிக் கேட்க வேண்டும், மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், பெட்டி வந்து இறங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அமேசான் 2006இல் சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு அந்த மூன்று கையெழுத்தும் மெல்ல மறைந்தன. வேலையில் சேர்ந்து மூன்று மாதமான பையன் ஒரு பட்டனை அழுத்தினால் மும்பையிலோ வர்ஜீனியாவிலோ ஒரு சர்வர் எழுந்து நிற்கும். வேலை முடிந்ததும் அவனே அணைக்க வேண்டும். அணைக்க மாட்டான். வர்ஜீனியாவில் எம்5 எக்ஸ்லார்ஜ் என்ற நடுத்தர மெஷினின் பட்டியல் விலை மணிக்கு 0.192 டாலர். ஒரு டீ காசு. ஆனால் மாதத்துக்கு 730 மணி நேரம் என்று பெருக்கினால் 140 டாலர். அதுபோல் நாற்பது மெஷின்கள் மறந்துபோய்க் கிடந்தால் 5,600 டாலர். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. தாராளமாகப் போட்டாலும் நாம் சீட்டில் இருப்பது 50 மணி நேரம். மீதி 118 மணி நேரம், அதாவது பத்தில் ஏழு பங்கு, ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறிதான்.

எங்கள் கம்பெனியில் இந்த விசிறிகளை அணைக்கும் வேலையை நெடுநாள் ஒருவர் பார்த்துவந்தார். இன்ஃப்ரா டீமில் மூத்தவர், திருநெல்வேலிப் பக்கம், அதனால் எல்லோருக்கும் அண்ணாச்சி. மாத ஆரம்பத்தில் பில் வந்ததும் எக்செல் ஷீட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு சீட் சீட்டாக நடப்பார். "இது யாரு மெஷின்டே? ஒரு மாசமா சும்மா கெடக்கு, தூக்கிரட்டா?" என்பார். சீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து சீட்டில் கேட்பார். பக்கத்து சீட்டுக்குத் தெரியவில்லையென்றால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த மாதம் மறுபடி வருவார். மூன்று மாதக் கேள்விக்குறிகள் சேர்ந்த மெஷின்கள் அவர் ஷீட்டில் நிறைய இருந்தன. கம்பெனிக்கு அதனால் எவ்வளவு நஷ்டம் என்று பின்னாளில் கணக்குப் போட்டு மீட்டிங்கில் சிலைடாகக் காட்டியவன் நான்தான்.

அண்ணாச்சியை இங்கே ஞானியாக்கும் எண்ணமில்லை. அவருக்கு ஆள் பார்த்து மாறும் நாக்கு இருந்தது. கண்ணாடி அறைக்குள் இருப்பவர்களின் மெஷின்களை அவர் தொட்டதே இல்லை. புதுப் பிள்ளைகளை மட்டும் எல்லோர் முன்னிலும் "அப்பன் வீட்டுக் காசா?" என்று கேட்பார். அவருடைய டீக்கடைக் கூட்டத்தில் நீங்கள் இருந்தால் உங்கள் மெஷினுக்கு ஆயுசு கெட்டி. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். என் பழைய டெஸ்ட் சர்வர் ஒன்று அப்படி ஒன்றரை வருடம் வாழ்ந்தது.

அவர் ஓய்வுபெற்றதும் அந்த வேலை என்னிடம் வந்தது. நடக்கச் சொல்லவில்லை, நடக்கத் தேவையே இல்லாமல் செய்யச் சொன்னார்கள். அதற்குக் கருவிகள் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது கிளவுட் கஸ்டோடியன். அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கிக்குள் உருவாகி 2016இல் திறமூலமாக வெளிவந்தது. யாமெல் கோப்பில் விதியை எழுதிவைத்தால் போதும்: எந்த மெஷின்களைப் பார்க்க வேண்டும், எந்த அடையாளம் இல்லாவிட்டால் குற்றம், என்ன தண்டனை, எத்தனை நாள் அவகாசம். நல்ல கருவி. நிஜமாக எதையும் செய்யாமல், செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை வசதிகூட அதில் உண்டு. கருவி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் விதி இது. ஒவ்வொரு மெஷினிலும் அதன் ஓனர் யார், எந்த டீமின் கணக்கு என்ற இரண்டு டேக் இருக்க வேண்டும். இல்லையென்றால் உருவாக்கியவருக்கு மெயில். மூன்றாம் நாள் நிறுத்தம். பதினான்காம் நாள் ஒழிப்பு. சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு ஓடும்.

பாலிசி என்பதற்கு நாம் கொள்கை என்று சொல்கிறோம். கொள்வதால் கொள்கை. கொள்ள ஒருவர் வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தாத்தா காலத்தில் கொள்கைக்காக ஜெயிலுக்குப் போனார்கள், கல்யாணத்தில் தாலி கட்டாமல் இருந்தார்கள், அப்பாவோடு பேச்சை நிறுத்தினார்கள். கொள்கை என்பது வைத்திருப்பவருக்கு ஏதோ செலவு வைத்தது. என் யாமெல் கோப்பு எனக்கு ஒரு பைசா செலவு வைக்கவில்லை.

முதல் மாதம் எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது. பணம் மிச்சமானது ஒரு பக்கம். இரண்டாம் வாரமே என் புரோகிராம் ஒரு வைஸ் பிரசிடென்ட்டின் டெமோ மெஷினைத் தூக்கிவிட்டது. அவர் கொதித்தார். நான் பணிவாக, "சார், டேக் இல்ல. பாலிசி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். ஒரு கம்பெனியில் கீழே இருப்பவன் மேலே இருப்பவரிடம் இந்த வாக்கியத்தைச் சொல்ல முடிந்தது என்பது சின்ன விஷயமில்லை. அண்ணாச்சியால் இருபது வருடத்தில் சொல்ல முடிந்ததில்லை. விதிக்கு முகம் தெரியாது. முகம் தெரியாததாலேயே முகத்துக்கு அஞ்சாது. இதை இன்றும் நம்புகிறேன். இதை நம்பாமல் இருந்திருந்தால் பின்னால் நடந்தது இவ்வளவு குழப்பியிருக்காது.

*

எங்கள் கீழ்த்தளத்தில் ஏஜென்சி மூலம் வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒரு பெண், வாடிக்கையாளர்கள் போனில் தமிழில் பேசிய பதிவுகளைக் கேட்டு, மெஷின் எழுத்தாக்கியதில் உள்ள பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தெற்கிலிருந்து ஒரு பெரியவர் "பைய வாங்க" என்று சொல்லியிருப்பார். மெஷின் "பையை வாங்க" என்று எழுதியிருக்கும். அதைப் பிடிக்க காது வேண்டும், ஊர் தெரிய வேண்டும். ஒரு மணி நேர ஒலியைத் திருத்த ஒரு முழு நாள்கூட ஆகும். ஆறு வாரம் அவர் செய்தது அவர் வேலை செய்த கிளவுட் மெஷினின் டிஸ்கில் இருந்தது. அதை வாராவாரம் வேறு இடத்துக்குப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்டை, அந்த மெஷினை உருவாக்கிய பையன் தன் லேப்டாப்பில் வைத்திருந்தான். பையன் வேலையை விட்டுப் போனபோது லேப்டாப்பும் ஒப்படைக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, வேறு யாருக்கோ போய்விட்டது.

அந்தப் பெண்ணுக்கு அம்மை போட்டது. பதினைந்து நாள் வீட்டில் தனி அறையில் படுத்திருந்தார். டீம் லீடுக்கு வாட்ஸப்பில் சொல்லியிருந்தார். அவரும் வேப்பிலை, இளநீர் எல்லாம் சொல்லி அக்கறையாகப் பதில் போட்டிருந்தார். இதற்கிடையில் என் விதி தன் வேலையைச் செய்தது. டேக் இல்லை. உருவாக்கியவருக்கு மெயில் போனது. அவர்தான் கம்பெனியிலேயே இல்லையே, அந்த மெயில் அவருடைய பழைய மேனேஜருக்குத் திரும்பிவிடப்பட்டது. புரோகிராம் அனுப்பும் மெயில்களையெல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளும் விதி ஒன்றை அந்த மேனேஜர் தன் இன்பாக்ஸில் போட்டிருந்தார். என் விதி கேட்டது, அவர் விதி பதில் சொன்னது. மனிதக் கண் எதுவும் அதைப் பார்க்கவில்லை.

சரி, அந்தப் பெண் இருந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? கான்ட்ராக்ட் ஆட்களுக்கு டேக் போடும் அனுமதியே கிடையாது. பாதுகாப்புக் காரணம். செய்ய முடியாத ஒன்றைச் செய்யவில்லை என்பதற்காக, செய்ய முடியாதவரிடம் சொல்லாமலே, தண்டனை நிறைவேறியது. மெஷினை ஒழித்தால் அதன் முதல் டிஸ்கும் கூடவே ஒழியும் என்பது நாமாக மாற்றாதவரை அமேசானில் இருக்கும் ஏற்பாடு. மாற்றலாம். யாரும் மாற்றவில்லை. ஒழிப்பதற்கு முன்னால் ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கும்படி என் கோப்பில் நான் இரண்டு வரி சேர்த்திருக்கலாம். ஸ்னாப்ஷாட்டுக்கும் வாடகை உண்டு என்பதால் சேர்க்கவில்லை. இதை முடிவு செய்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டீ ஆறுவதற்குள் முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை அவர் திரும்பி வந்தார். முகத்தில் வடுக்கள் இன்னும் காயவில்லை. யார் யாரையோ கேட்டு, மூன்றாம் மாடி ஏறி என்னிடம் வந்தார். "அண்ணா, என் மெஷின் எங்க போச்சுன்னு யார்ட்ட கேக்கறதுன்னே தெரியல." நான் லாக்கைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை, அதிகாலை 2:00. செய்தவர் யார் என்ற இடத்தில் ஒரு ரோலின் பெயர் இருந்தது. ஆளின் பெயர் இல்லை, ரோல்: ஒரு தொப்பி, யாரோ, அல்லது எதுவோ, போட்டுக்கொண்டு செய்துவிட்டுக் கழற்றி வைத்திருக்கிறது. அந்நேரம் நான் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். திருச்சி தாண்டியிருக்கும். தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

"பாலிசிப்படி டெலீட் ஆகியிருக்கு" என்றேன். கவனியுங்கள்: பண்ணியிருக்கேன் இல்லை, ஆகியிருக்கு.

என் பாட்டி 'நீக்கப்பட்டது' என்ற மாதிரி ஒரு வினையைத் தன் வாழ்நாளில் சொல்லியிருக்க மாட்டாள். ரேஷன் கார்டிலிருந்து பெயர் போனால், "என் பேரைத் தூக்கிட்டானுவ" என்பாள். யார் என்று தெரியாவிட்டாலும் யாரோ 'அவனுவ' இருக்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. பேச்சுத்தமிழுக்குச் செய்தவன் வேண்டும். ஆபீஸ் தமிழில்தான் நோட்டீஸ் ஒட்டப்படும், மின்சாரம் நிறுத்தப்படும், பெயர் நீக்கப்படும். என்னைப் போன்றவர்கள் செய்தது, அந்த 'ப்படும்' என்ற விகுதிக்கு ஒரு நிஜ உடம்பு கட்டிக் கொடுத்தது. முன்பு நோட்டீஸில் அது வெறும் சாமர்த்தியம். பின்னால் எப்படியும் ஒரு குமாஸ்தா இருந்தார். இப்போது உண்மையிலேயே பின்னால் ஆள் இல்லை.

மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர், அவரும் என் வயதுதான். "நீ பண்ணலடா. ரூல் பண்ணுச்சு. ரூல் சரியாத்தான் பண்ணியிருக்கு. போய் சாரி கீரின்னு சொல்லி வைக்காத, ஏஜென்சி பில்லிங் பிரச்சனை வரும்." திருத்தி ஒப்படைத்த மணி நேரத்துக்குத்தான் ஏஜென்சிக்குப் பணம். ஆறு வாரத்துக்கு எதிரே இப்போது பூஜ்யம். அந்தக் காலாண்டின் முடிவில் அவருடைய ஒப்பந்தம் நீட்டிப்புக்கு வர வேண்டியிருந்தது.

மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். அதற்கு என்னிடம் இன்றும் முழுப் பதில் இல்லை. "இந்த ஆட்டோமேஷன்ல மிச்சமாகிற காசு மாசம் ரெண்டு பேர் சம்பளம். பட்ஜெட் வெட்டு வந்தா முதல்ல யாரைத் தூக்குவாங்க? கீழ்த்தளத்தைத்தான்."

*

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதிக்கு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவுக்குப் பணம். கூகுள் கிளவுடில் இருந்த அவர்களுடைய தனிக் கிளவுட் ஒரு நாள் முழுதாக அழிந்துபோனது. ஒரு வாரம்போல் உறுப்பினர்களால் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. தாக்குதல் ஒன்றும் இல்லை. ஒரு வருடம் முன்பு அதை அமைத்துக் கொடுத்தபோது, கூகுள் ஊழியர்கள் தங்கள் உள்கருவியில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். காலியாக விட்டால் 'ஒரு வருடம் மட்டும்' என்று கருவி எடுத்துக்கொண்டது. வருடம் முடிந்ததும் அழித்தது. வாடிக்கையாளருக்கு முன்னறிவிப்பு ஏன் போகவில்லை என்பதற்கு கூகுளே பின்னர் தந்த விளக்கம்தான் என்னை உறையவைத்தது: வாடிக்கையாளர் அழிக்கச் சொல்லியிருந்தால் அறிவிப்பு போயிருக்கும், இங்கே யாரும் அழிக்கச் சொல்லவில்லையே. வேறொரு நிறுவனத்திடமும் அவர்கள் பிரதி வைத்திருந்தது மீட்புக்கு உதவியது.

யாரும் சொல்லவில்லை என்பதால் யாருக்கும் சொல்லப்படவில்லை. ஒரு வெற்றுக் கட்டம் முடிவெடுத்தது. ஆனால் அங்கே ஒன்று நடந்தது: கூகுள் கிளவுடின் தலைவரும் யூனிசூப்பரின் தலைவரும் சேர்ந்து, பெயர் போட்டு, அறிக்கை விட்டார்கள். 12,500 கோடி டாலர் இருந்தால் காலிக் கட்டத்துக்குப் பின்னாலிருந்தும் ஒரு முகம் எழுந்து வரும். கீழ்த்தளத்துக்கு வராது.

இந்த நாட்களில் மனுநீதிச் சோழன் கதை அடிக்கடி மனதில் ஓடியது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அவருக்குச் சிலை உண்டு. பாரபட்சமற்ற நீதிக்கு நம்முடைய சின்னம் அவர்தான். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று வைஸ் பிரசிடென்ட்டிடம் சொன்னபோது எனக்குள் ஒரு குட்டிச் சோழன் இருந்தான். ஆனால் பெரியபுராணத்தில் அந்தக் கதை எப்படி நடக்கிறது என்று திரும்பிப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் விட்டுவிடும் ஒரு இடம் வருகிறது. மகன் மீது தேரை ஏற்றும்படி அரசன் முதலில் ஓர் அமைச்சருக்குத்தான் கட்டளையிடுகிறான். அமைச்சரால் முடியவில்லை. செய்வதற்குப் பதில் உயிரை விட்டுவிடுகிறார். அதன் பிறகுதான் அரசன் தானே தேரேறுகிறான்.

எனக்கு இந்த அமைச்சர்தான் இப்போது முக்கியமாகப் படுகிறார். கட்டளை அவரிடம் வந்து நின்றுபோகிறது. நின்றதால், விதித்தவனே கடிவாளத்தைப் பிடிக்க வேண்டியதாகிறது. சக்கரத்துக்கு அடியில் இருப்பது யார் என்று பார்க்க வேண்டியதாகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பசுவுக்கு ஒரு மணி இருந்தது. பேச வாயில்லாத மாடு கொம்பால் அடித்தால் அரசனுக்குக் கேட்கும்படி ஒரு மணி. என் 22 வரிகளில் அமைச்சர் இல்லை, கடிவாளம் இல்லை, மணியும் இல்லை. பாரபட்சமின்மை மட்டும் குறைவில்லாமல் இருந்தது. (கதையின் முடிவில் தியாகராசப் பெருமான் வந்து கன்று, இளவரசன், அமைச்சர் மூவரையும் எழுப்பிவிடுகிறார். அவர் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தார் போலிருக்கிறது.)

அண்ணாச்சி இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நண்பன் ஒருவன் சொன்னான். சீட் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பார், பக்கத்து சீட்டில் "அந்தப் பொண்ணுக்கு அம்மை" என்று சொல்லியிருப்பார்கள், ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார். இருக்கலாம். கீழ்த்தளத்துக்கு அவர் இறங்கியே வந்திருக்க மாட்டார் என்பதற்கும் அதே அளவு வாய்ப்பு இருக்கிறது. கான்ட்ராக்ட் ஆட்களை அவர் ஆட்களாகக் கணக்கில் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. அவர் நல்லவர், மெஷின் கெட்டது என்றால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை. ஒரே வித்தியாசம்: அண்ணாச்சி அழித்திருந்தால் அந்தப் பெண் அவரிடம் போய் அழுதிருக்கலாம், ஏசியிருக்கலாம். "உங்களுக்குக் கண்ணில்லையா" என்று கேட்டிருக்கலாம். என் விதியிடம் அதைக் கேட்க முடியாது. அது நிஜமாகவே கண் இல்லாதது. அப்படி இருக்க வேண்டும் என்றுதான் நான் எழுதினேன். அநீதிக்கு ஆளானவருக்கு ஈடு கிடைக்கிறதா என்பது அடுத்த கேள்வி. முதலில், இதை எனக்குச் செய்தது யார் என்று கேட்டுப் போக ஒரு விலாசம் வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஓனர் டேக் கேட்ட என் கோப்பு, தான் செய்யும் காரியத்துக்கு ஓனர் டேக் போட்டுக்கொள்ளவில்லை.

கோப்பைத் திருத்தினேன். ஒழிப்பதற்கு முன் ஸ்னாப்ஷாட். மெயில் போவது உருவாக்கியவருக்கு மட்டுமல்ல, கடைசியாக லாகின் செய்தவருக்கும். கடைசிப் படியில் ஓர் ஆள்: வெள்ளிக்கிழமை காலை பட்டியல் எனக்கு வரும், நான் ஒவ்வொன்றையும் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் சனிக்கிழமை ஓடும். முதல் வாரம் 31 மெஷின்கள். ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன், இரண்டு மாடி இறங்கினேன், அண்ணாச்சி போல. நாலாவது வாரம் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுத்து ஒப்புதல் கொடுத்ததை நானே கவனித்தேன். பட்டியலில் என்ன இருந்தது என்று அன்று மாலை யாராவது கேட்டிருந்தால் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். நடுவில் ஒரு மனிதனை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். அந்த மனிதன் வெள்ளிக்கிழமை காலையில் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். இப்போது பட்டியலில் ஐந்து ஐந்தாகத்தான் தேர்ந்தெடுக்க முடியும்படி செய்து வைத்திருக்கிறேன். எரிச்சலாக இருக்கிறது. எரிச்சல் இருக்கும்வரை கொஞ்சம் படிக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் சொன்னது இதற்கெல்லாம் பிறகுதான், எட்டாவது மாதம். அதற்குள் அவர் ஆறு வார வேலையில் நாலு வாரத்தை மறுபடி செய்து முடித்திருந்தார், இரவுகளில். ஒப்பந்தம் மூன்று மாதம் மட்டும், இரண்டு தடவை, அரைமனதாக நீட்டிக்கப்பட்டிருந்தது. (பாருங்கள், 'நீட்டிக்கப்பட்டிருந்தது'. நீட்டித்தது யார் என்று எனக்குத் தெரியும்.) கேன்டீனில் எதிரே உட்கார்ந்து சொன்னேன்: "அன்னிக்கு உங்க மெஷினை டெலீட் பண்ணது நான். அந்த ரூலை எழுதினது நான்தான்." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லண்ணா. நான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

எட்டு மாதமும்.

ஏஜென்சிக்கு, பிழை எங்கள் பக்கம் என்று என் பெயரில் ஒரு மெயில் எழுதினேன். மேனேஜரைக் கேட்கவில்லை. அதற்கான விளைவுகள் வந்தன, பெரிதாக ஒன்றுமில்லை. மீதி இரண்டு வார ஒலிப்பதிவுகளுக்கு சில சனிக்கிழமைகள் நானும் கூட உட்கார்ந்தேன். என் காது மோசம். தென்காசிக்கும் தஞ்சாவூருக்கும் வித்தியாசம் பிடிக்க எனக்கு மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது.

அதற்காகப் புது மெஷின் ஒன்று எடுத்தோம். ஓனர் டேக்கில் அவர் பெயரைப் போட்டேன். ஏற்றுக்கொள்ளவில்லை. ஓனராக நிரந்தர ஊழியரின் மெயில் முகவரி மட்டும்தான் செல்லும். அந்தச் சோதனையை எழுதியதும் நான்தான், மறந்துவிட்டிருந்தேன். வேறு வழியில்லாமல் என் முகவரியைப் போட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"அப்ப என் வேலைக்கு நீங்கதான் ஓனரா?"

அந்த விதியை மாற்ற மூன்று டீம்களின் ஒப்புதல் வேண்டும். கேட்டிருக்கிறேன்.